குளவிக்கூடும் மருத்துவமும்: சீனரும் தமிழரும் கண்டவை

மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேன்நாடு’ என வழங்குதல் மரபு. அப்பெயரிலே தேனீக்குப் பங்குண்டு, குளவிக்கு இல்லை. தேனீ இனிமையைத் தருவது, குளவி கொட்டுவது. ஆதலின் முன்னதைப் போற்றுதலும் பின்னதை விரட்டுதலும் மக்களுக்கு இயல்பாயின. எனினும், குளவி தன் குஞ்சுகளுக்கென அமைக்கும் கூடு இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சீன மருத்துவ நூல்களில் மருந்தாக எண்ணப்பட்டு வந்துள்ளது. தமிழரின் நாட்டு வைத்தியத்திலும் அக்கூட்டின் மண்ணுக்கு ஓர் இடம் உண்டு. இவ்விரு நாட்டாரும் குளவியை மருந்தின் பொருட்டு மட்டுமன்றி, ஆசிரியன் மாணாக்கன் என்னும் உறவை விளக்கும் உவமையாகவும் எடுத்தாண்டனர் என்பது வியக்கத்தக்கது. அம்மருந்து யாது, அவ்வுவமை எத்தன்மைத்து, அவற்றுள் இன்று கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

இருவகைக் கூடுகள்

குளவி எனப் பொதுப்பெயரால் வழங்கப்படுவன பல இனத்தின. கூடு கட்டும் முறையை நோக்கி அவற்றை இரு பெரும் பகுப்பில் அடக்கலாம். தனித்து வாழ்ந்து மண்ணாற் கூடு கட்டுவன ஒரு வகை. கூட்டமாக வாழ்ந்து கடதாசி போன்ற பொருளாற் கூடு கட்டுவன மற்றொரு வகை.

மண்குளவியை வாவிக்கரை ஊர்களில் அறியாதார் இலர். தெற்கே கல்முனைப் பக்கம் தொடங்கி வடக்கே ஏறாவூர்ப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கும், எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், குளவிக்கு வேண்டிய இரண்டும் குறைவின்றி உள்ளன. ஒன்று, நீரும் களியும் கலந்த ஈர மண். மற்றொன்று, மழை படாத சுவரும் கூரையும். வட்டைகளின் வரம்போரத்திலும் வாய்க்காற் கரையிலும் இறங்கும் பெண்குளவி, ஈரக் களியைத் தன் தாடைகளால் சிறு உருண்டையாகத் திரட்டி எடுத்துச் செல்லும். வயல் வாடியின் வளையிலோ, வீட்டுக் கதவின் மூலையிலோ, கோயில் மண்டபத்துத் தூணிலோ அதனை அப்பும். இவ்வாறு பலமுறை சென்று மீண்டு குழாய் வடிவான அறைகளை ஒன்றன்பக்கத்து ஒன்றாக அமைத்து, முடிவில் அவையெல்லாவற்றையும் மண்ணால் மெழுகிவிடும். செலிபுரோன் என்னும் பேரினத்துக் குளவிகள் இவ்வாறு செய்வன. வேறு சில, சிறு குடம் போன்ற தனிக்கூட்டைச் செடியின் தண்டிலோ சுவரிலோ அமைக்கும். அவை யூமனீசு என்னும் பேரினத்தையும் அதற்கு நெருங்கிய பேரினங்களையும் சேர்ந்தவை.

கடதாசிக் கூடு வேறு வகையினது. இதனைக் கட்டும் குளவிகள் மரப்பட்டையையும் உலர்ந்த தண்டையும் சுரண்டி, அந்நாரைத் தம் எச்சிலோடு மென்று குழைத்து, மெல்லிய தகடாகப் பரப்புகின்றன. உலர்ந்தபின் அது சாம்பல் நிறமான கடதாசியே ஆகும். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1719 ஆம் ஆண்டில், மரத்திலிருந்து கடதாசி செய்யலாகும் என்னும் கருத்தைக் குளவிகளின் செயலை எடுத்துக்காட்டியே தம் நாட்டு அறிவியற் கழகத்தில் எடுத்துரைத்தார். அக்காலத்தில் ஐரோப்பாவிற் கடதாசி கந்தைத் துணியாற் செய்யப்பட்டு வந்தது.

மருந்தென்று கூறுமிடத்து இவ்விரு கூடுகளையும் வேறு பிரித்து அறிதல் இன்றியமையாதது. ஒன்று மண்; மற்றொன்று தாவர நாரும் எச்சிலும் புழுக்கள் நூற்ற பட்டிழையும் சேர்ந்த பொருள். இரண்டின் குணமும் ஒன்றாக இருத்தல் இயலாது.

தமிழர் வழக்கில் குளவி மண்

தமிழ் ஊர்களின் கைவைத்தியத்திற் குளவிக்கூட்டு மண் பெரும்பாலும் புறப்பூச்சாகவே பயன்படுவது. காது மடலுக்குக் கீழே தாடையோரம் வீங்கும் கூகைக்கட்டுக்கு அம்மண்ணைப் பொடித்து நீரிற் குழைத்துப் பூசுதல் பலரும் அறிந்த வழக்கு. சில இடங்களில் நீருக்கு மாறாக எலுமிச்சஞ்சாறு சேர்ப்பர். பூச்சிக்கடியால் எழுந்த தடிப்புக்கும் அதனையே இடுவர். இலங்கையின் சிங்கள ஊர்களிலும் இம்மண் வீக்கத்துக்குரிய மருந்தாக மதிக்கப்படுகின்றது.

இம்மண்ணை ஏன் தேர்ந்தனர் என்பது எளிதில் விளங்கும். குளவி பரலையும் பெருமணலையும் நீக்கி, நுண்ணிய களியையே பொறுக்கி எடுக்கின்றது. கூரை நிழலில் உலர்ந்து கிடப்பதால் அது மழையிற் கரையாமலும் சேற்றிற் கலவாமலும் இருக்கின்றது. அரித்தெடுத்த களிமண்ணை வேண்டும்போது கைக்கெட்டும் இடத்திற் சேமித்து வைத்ததுபோல அது அமைந்துள்ளது. கறையான் புற்றுமண்ணும் இவ்வாறே நுண்ணியது. அதனையும் இந்திய மருத்துவம் ஏற்றுக்கொண்டது. தொடைகள் விறைத்துச் செயலறும் ஊருத்தம்பம் என்னும் நோய்க்குப் புற்றுமண்ணைத் தேனோடும் கடுகோடும் சேர்த்துத் தேய்த்தல் சரக சங்கிதையிற் கூறப்பட்டுள்ளது. ஆதலின் சிற்றுயிர்கள் தெரிந்தெடுத்த மண்ணை மருந்தாக்குதல் ஓர் ஊரின் தனிவழக்கன்று. பரந்த ஒரு மரபின் கிளையே அது.

இக்குளவிக்கு இடப்பட்ட பெயர்களும் நோக்கற்பாலன. சிங்கள மொழியில் இதற்கு வழங்கும் ‘கும்பலா’ என்னும் பெயர் குயவனையும் குறிப்பது. தமிழில் இதனை வேட்டுவன் என்றும் வேட்டுவாளி என்றும் வழங்குவர். ஒரு மொழியார் அது மண்ணைக் குழைத்து வனைதலைக் கண்டு பெயரிட்டனர். மற்றொரு மொழியார் அது பிற உயிரை வேட்டையாடிக் கொணர்தலைக் கண்டு பெயரிட்டனர். இரண்டும் கண்ணாற் கண்டதையே கூறும் பெயர்கள். இவற்றுள் வேட்டுவன் என்னும் பெயரின் சிறப்பு பின்னர்ப் புலனாகும்.

சீன மருத்துவ நூல்களில்

சீனர் தம் மருந்துப் பொருள்களை வகுத்துத் தொகுத்த நூல்களுட் பழமையானது, சென்னோங் என்னும் தொன்முதல்வன் பெயரால் வழங்குவது. ஹான் வமிச காலத்தில் உருவானதாகக் கருதப்படும் அந்நூல் 365 மருந்துகளைக் கூறுவது. கடதாசிக் கூடு அதிலேயே இடம்பெற்றுள்ளது. அதன் பெயர் ‘லு ஃபெங் ஃபாங்’ என்பது. திறந்த வெளியில் தொங்கிப் பனியில் நனையும் குளவிமனை என அதற்குப் பொருள் கொள்ளலாம். அச்சத்தால் வரும் வலிப்பு முதலியவற்றுக்கு அதனை அந்நூல் விதிக்கின்றது.

பின்வந்த நூல்களுட் பெரும்புகழ் பெற்றது லி ஷிச்சென் (1518–1593) இயற்றிய ‘பென்சாவோ கங்மு’ ஆகும். 1578 ஆம் ஆண்டில் முடிவுற்று, ஆசிரியர் மறைந்தபின் 1596 ஆம் ஆண்டில் அச்சேறிய இந்நூல் 52 பாகங்களில் 1,892 மருந்துப் பொருள்களை விரித்துரைக்கின்றது. யுனெசுகோ நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் இதனை உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டது. இந்நூலின் பாகுபாட்டில் ஒரு நுட்பம் உள்ளது. கடதாசிக் கூட்டைப் பூச்சிகளின் பகுதியில் வைத்த ஆசிரியர், மண்குளவியின் கூட்டை அங்கே வைக்காது மண்ணினப் பகுதியிற் சேர்த்தார். கட்டியது பூச்சியே ஆயினும் பொருள் மண்ணே என்பது அவர் தெளிவு. அம்மண்ணைக் காடியிற் குழைத்து வீக்கத்தின் மேலும் நச்சுக்கடியின் மேலும் பூசுமாறு அந்நூல் கூறுகின்றது. நீருக்கும் எலுமிச்சஞ்சாற்றுக்கும் மாறாகக் காடி நிற்பதொன்றே வேறுபாடு. மண்ணும் ஒன்று, நோயும் ஏறத்தாழ ஒன்று.

கடதாசிக் கூடு சீனாவில் இன்றும் மருந்தாக உள்ளது. சீன மக்கள் குடியரசின் மருந்தியல் விதிநூல் மூவினக் குளவிகளின் கூட்டை ஏற்கின்றது. அவற்றுள் ஒன்றாகிய பொலிசுடெசு ஒலிவேசியசு இந்தியாவிலும் காணப்படும் இனமாகும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கூட்டை எடுத்து, வெயிலில் உலர்த்தியோ ஆவியில் வேகவைத்தோ, உள்ளே இறந்து கிடக்கும் குளவியையும் புழுவையும் நீக்கித் தூய்மை செய்வர். கஷாயத்துக்கு 3 முதல் 5 கிராம் வரை கொள்வர். ஆறாப் புண், கட்டி, தோல் அரிப்பு, மூட்டுவலி, பல்வலி ஆகியவற்றுக்கு அதனைப் பயன்படுத்துவர். பல்வலிக்கு அக்கஷாயத்தை விழுங்காது வாய் கொப்புளித்தல் உண்டு.

புழு குளவியாகும் என்னும் நம்பிக்கை

மருந்து இவ்வாறாக, உவமையை இனி நோக்கலாம். குளவி ஒரு புழுவைக் கொணர்ந்து கூட்டில் அடைத்து மூடுகின்றது. சில நாள் கழித்துக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவருவது புழுவன்று, குளவி. இதனைக் கண்டோர், குளவி அப்புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னுருவாக்கிற்று என்றும், புழுவானது அச்சத்தால் இடைவிடாது குளவியையே நினைந்து குளவியாயிற்று என்றும் கருதினர். வடமொழியில் இதனைப் பிரமரகீட நியாயம் என்பர். பாகவத புராணத்தில் அவதூதர் தமக்கு அமைந்த இருபத்துநான்கு குருமாரைக் கூறுமிடத்துக் குளவியும் அவருள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. சங்கரர் பெயரால் வழங்கும் விவேக சூடாமணியிலும் இவ்வுவமை உண்டு. தமிழ்ச் சைவ, வேதாந்த மரபுகளில் இது வேட்டுவனும் புழுவும் என வழங்கும். குருவின் பார்வையும் இடைவிடாத தியானமும் சீவனைச் சிவமாக்கும் என்பதற்கு இதனினும் ஏற்ற காட்சியை எளிய மக்கள் முன் வைத்தல் அரிது.

சீனரும் இதையே கண்டனர் என்பது பலர் அறியாத செய்தி. அவர்தம் தொன்மையான பாட்டுத் தொகையாகிய ‘ஷிசிங்’ என்னும் நூலில், பச்சைப்புழுவின் பிள்ளையைக் குளவி சுமந்து செல்லுதல் கூறப்பட்டுள்ளது. ஹான் வமிச காலத்து அறிஞர் யாங் சியோங் (கி.மு. 53 – கி.பி. 18) அதனை விரித்து, குளவி ‘என்னைப்போல் ஆகுக’ என்று ஓதி ஓதிப் புழுவைத் தன்னுருவாக்கும் எனவும், கன்பூசியசின் மாணாக்கர் தம் ஆசிரியரைப்போல் ஆனமை அத்தகையதே எனவும் எழுதினார். இன்றும் சீன மொழியில் அப்புழுவின் பெயராகிய ‘மிங்லிங்’ என்பது வளர்ப்பு மகனைக் குறிக்கும் சொல்லாக வழங்குகின்றது. இமயத்துக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே சிற்றுயிரைக் கண்டு, ஆசிரியன் மாணாக்கனைத் தன்னைப்போல் ஆக்குதல் என்னும் ஒரே கருத்தை எடுத்தோதினர்.

கூட்டைத் திறந்து பார்த்தவர்

இந்நம்பிக்கையை முதன்முதல் மறுத்தெழுதியோருள் ஒருவர் மருத்துவ நூலாசிரியரே என்பது இவ்வரலாற்றின் உயிர்நிலை. தாவோ ஹொங்ஜிங் (456–536) தாவோ நெறியிற் பற்றுடையவர். மலையில் ஒதுங்கி வாழ்ந்து தவமும் ஆய்வும் புரிந்தவர். சென்னோங் பெயரால் வழங்கிய பழைய மருந்து நூலுக்கு அவர் விளக்கவுரை எழுதினார். மண்குளவியும் அந்நூலில் ஒரு மருந்தாகலின், அது எத்தகையது என்று வரையறுக்க வேண்டியவரானார். அவ்விடத்து அவர் கூறியவை வருமாறு: இடை மெலிந்த அக்கருங்குளவி மண்ணைக் கொணர்ந்து சுவரோரத்தில் மூங்கிற் குழாய் போன்ற அறை அமைக்கும், தினையளவான தன் முட்டையை அதனுள் இடும், புல்லிடை வாழும் பச்சைச் சிலந்திகளிற் பத்துக்கு மேற்பட்டவற்றைப் பிடித்து நிரப்பி வாயை மூடும், அவை அதன் குஞ்சு வளர்ந்து உண்ணுதற்குரிய உணவு, நாணற் குழாயிற் புகும் வேறொரு வகையே பச்சைப்புழுவைக் கொணர்வது, ஆதலின், புழுவைத் தன் பிள்ளையாக்கிக் கொள்ளும் என்னும் பழங்கூற்று பிழையானது.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வுரையில், சிலந்தி பிடிக்கும் குளவியும் புழுப் பிடிக்கும் குளவியும் வேறென்பது கூடத் தெளிவுற்றுள்ளது. பின்னர் 1116 ஆம் ஆண்டில் கோவ் சோங்ஷி என்பார் தம் மருந்து நூலில், கூட்டைப் பிளந்து நோக்கியபோது உள்ளே வெண்மஞ்சள் நிறமான முட்டை இருந்தமையையும், கொணர்ந்த புழு அதன் கீழே கிடந்தமையையும் பதிவு செய்தார். லி ஷிச்சென்னும் இவ்விருவர் பக்கமே நின்றார். போற்றுதற்குரிய பழம்பாடலின் கூற்றாயினும், கண்ணாற் கண்டதற்கு மாறானவிடத்து அதனைக் கொள்ளலாகாது என்னும் துணிவு அம்மருத்துவரிடம் இருந்தது. மருந்தென்று பிறருக்குக் கொடுக்கப்போகும் பொருளை ஐயமற அறிதல் வேண்டும் என்னும் கடமையே அத்துணிவுக்குக் காரணமாகும்.

ஐரோப்பாவில் இவ்வாராய்ச்சியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிக விரிவாகச் செய்தவர் பிரெஞ்சு ஆசிரியர் சான் ஆன்றி ஃபாபர் (1823–1915). குளவி கொட்டுதல் இரையைக் கொல்லுதற்கன்று, செயலறச் செய்தற்கே என்பதை அவர் எழுத்துக்கள் பரப்பின. உயிரோடு கிடந்தும் அசையமாட்டாத இரை அழுகுவதில்லை. குஞ்சுக்கு நாள்தோறும் புத்துணவாகின்றது. குடம் போன்ற கூடு கட்டும் குளவி தன் முட்டையைக் கூட்டின் மேற்புறத்திலிருந்து மெல்லிய இழையால் தொங்கவிடுவதையும் அவர் கண்டெழுதினார். கீழே நெளியும் புழுக்களால் முட்டைக்கு ஊறு நேராதிருத்தற்கு அது உதவும்.

யாங் சியோங் கூறிய ஓதலுக்கும் ஓர் அடிப்படை உண்டு. மண்ணை அப்பும்போது குளவி சிறகுத் தசைகளை அதிரச்செய்து ஓர் ஒலி எழுப்புகின்றது. அவ்வதிர்வால் ஈரக்களி இளகிப் பரவிச் சுவரோடு ஒட்டுகின்றது. மந்திரம் ஓதுவதாகக் கேட்டவர் செவி பிழைக்கவில்லை. கேட்ட ஒலிக்குக் கொண்ட பொருளே பிழைத்தது.

இனி, வேட்டுவன் என்னும் பெயரை மீண்டும் நோக்குக. குளவி ஆசிரியனன்று, வேட்டுவனே என்பது அறிஞர் மறுத்தெழுதிய முடிபு. அம்முடிபு தமிழ் மக்களின் நாட்டுப்பெயரில் முன்னரே அடங்கியிருந்தது. வயலிலும் வளவிலும் நின்று கண்டவர் அதன் வேட்டையைக் கண்டு பெயரிட்டனர். அப்பெயரையே ஏற்ற உவமை, வேட்டையை விடுத்து மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இதனால் உவமை பயனற்றதாகிவிட்டது எனல் பொருந்தாது. உவமை தான் விளக்க வந்த பொருளாலேயே நிற்பது. குருவருளின் பெருமை குளவியின் வாழ்க்கை வரலாற்றைச் சார்ந்ததன்று. ஆனால் உவமையை உயிரியற் சான்றாகக் கொள்ளுதலும், உயிரியல் மறுத்தமையாற் சமயக்கருத்து வீழ்ந்தது எனக் கூறுதலும் ஒன்றுபோல் தவறானவை.

மருந்தின் மதிப்பு

உவமையில் மேற்கொண்ட இம்முறையையே மருந்திலும் மேற்கொள்ளல் வேண்டும். குளவி மண்ணின் பயன் எவ்வளவு?

நுண்ணிய களிமண் ஈரத்தோடு தோலிற் படும்போது குளிர்ச்சி தருகின்றது. உலருங்கால் ஈரத்தை உறிஞ்சி மேற்றோலைச் சிறிது இறுக்குகின்றது. வலியும் எரிவும் சற்றுத் தணிதற்கு இஃது உதவும். இவ்வளவும் எந்தத் தூய களிமண்ணுக்கும் உரிய குணமாகும். ஆனால் கூகைக்கட்டு வைரசினால் உண்டாகும் நோய். அவ்வீக்கம் பெரும்பாலாருக்கு ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் தானே வற்றிவிடுவது. மண்ணைப் பூசியவருக்கும் அவ்வாறே, பூசாதவருக்கும் அவ்வாறே. தானே நீங்கும் நோயிற் பூசியது எதுவாயினும் புகழ் பெறும். இதனை உணராமையால், அந்நோய் சிலரிடத்து மூளையுறை அழற்சி, விதை வீக்கம், செவிப்புலன் இழப்பு ஆகியவற்றை உண்டாக்குதல் மறக்கப்படுகின்றது. கூகைக்கட்டுடைய குழந்தைக்குக் கடுந்தலைவலியோ கழுத்து விறைப்போ தோன்றின், மண்பூச்சை நம்பிக் காலம் தாழ்த்தல் தீங்கு பயக்கும். இலங்கையில் 2011 ஆம் ஆண்டு முதல் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றையும் ஒருங்கே தடுக்கும் ஊசிமருந்து குழந்தைகளுக்கு ஏற்றப்படுகின்றது. நோய் வந்தபின் பூசும் மண்ணினும், வருமுன் காக்கும் இவ்வூசி சிறந்தது என்பதில் ஐயமில்லை.

இதனினும் கொடிய ஆபத்து ஒன்றுண்டு. ஏற்புவலியை உண்டாக்கும் பக்டீரியாவின் வித்துக்கள் மண்ணில் நெடுங்காலம் அழியாது கிடப்பன. தோல் பிளவுபடாத வீக்கத்தின்மீது பூசிய மண் இத்தீங்கைச் செய்வது அரிது. வெட்டுக்காயத்திலோ, ஆறாப் புண்ணிலோ, பிறந்த குழந்தையின் கொப்பூழிலோ மண்ணை இட்டால் அவ்வித்துக்கள் உடலினுட் புகும். உலகின் பல நாடுகளிற் பச்சிளங் குழந்தைகள் ஏற்புவலியால் மாண்டமைக்கு, கொப்பூழிற் சாணமும் மண்ணும் சாம்பலும் இட்ட வழக்கமும் ஒரு காரணம். இலங்கையிற் கருவுற்ற தாய்மாருக்கு ஏற்பு ஊசி போடுதல் 1969 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் தாய் சேய் ஏற்புவலி ஒழிந்ததாக 2016 ஆம் ஆண்டில் அறிவித்தது. தாதியரும் மருத்துவரும் குடும்பநல உத்தியோகத்தரும் பல்லாண்டு உழைத்துப் பெற்ற இப்பேற்றை, பழமை என்னும் பெயரால் ஒரு பிடி மண்ணுக்கு இழத்தல் தகாது.

மூன்றாவதாக எண்ணத்தக்கது மண்ணின் இன்றைய நிலை. குளவி களி எடுக்கும் இடம் வயல்வரம்பும் வாய்க்காலுமே ஆகும். களைகொல்லியும் பூச்சிகொல்லியும் தெளிக்கப்படும் வயலின் சேறு, பழைய பரியாரிமார் கண்ட சேறன்று. ஆதலின் அக்கூட்டு மண்ணை நீரிற் கரைத்துக் குடித்தல் எவ்வாற்றானும் விலக்கத்தக்கது.

கடதாசிக் கூட்டின் நிலை சிறிது வேறு. அதில் உயிர்ப்பொருள்கள் பல உள்ளமையால் ஆராய்ச்சிக்கு இடமுண்டு. பல்வலிக்கு அதன் கஷாயத்தாற் கொப்புளிக்கும் சீன வழக்கத்தை அந்நாட்டு ஆய்வாளர் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் சோதித்தனர். பற்சிதைவை உண்டாக்கும் பக்டீரியாவின் வளர்ச்சியையும், அது அமிலம் உண்டாக்கும் ஆற்றலையும் கூட்டின் சாறு ஆய்வுகூடத்திற் குறைத்தல் காணப்பட்டது. புற்றுநோய்க் கலங்கள்மீதும் அச்சாறு சோதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் ஆய்வுக்குழாயிற் கண்டது நோயாளியின் உடலிற் கண்டதாகாது. மேலும், அக்கூட்டிலிருந்து பிரித்தெடுக்கும் ஆவியாகும் எண்ணெய் நஞ்சுடையது. சிறுநீரகத்துக்கு ஊறு விளைப்பது. சீன மருத்துவரே சிறுநீரக நோயுடையாருக்கு இம்மருந்தை விலக்குவர். கூட்டைப் பறிக்க முயல்வதும் உயிருக்கு இடர் தருவது. இலங்கையிற் பெருங்குளவிகள் கூட்டமாகக் கொட்டியமையால் மாண்டோர் உளர். செய்தி ஒன்றைப் படித்துவிட்டு மரத்திலேறிக் கூட்டைக் கலைத்தல் அறியாமையின்பாற்படும்.

செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், குளவி மண் வீக்கத்தின் எரிவைச் சிறிது தணிக்கும் குளிர்பூச்சு என்பதே எஞ்சும் உண்மை. கடதாசிக் கூடு இன்னும் ஆராயப்பட வேண்டிய ஒரு பொருள். முன்னோர் கூறினர் என்பதனால் இரண்டையும் வாழ்த்துதலும், முன்னோர் கூறினர் என்பதனாலேயே இரண்டையும் இகழ்தலும் ஆராய்ச்சியாகா. நாட்டு வைத்தியத்தை இகழ்ந்து ஒதுக்குவோரால் இழக்கப்படுவது ஒருபிடி மண்ணன்று. எந்தப் பூச்சி எங்கே எப்போது என்ன செய்கின்றது என்று ஊர் மக்கள் நெடுங்காலம் கண்டறிந்த செய்திகள் அதனுடன் மறைகின்றன. வேட்டுவன் என்னும் ஒரு சொல் காத்துவைத்த உண்மையை எண்ணின், பரியாரிமாரின் வாய்மொழியிலும் ஏட்டுச் சுவடியிலும் இத்தகைய வேறு எத்தனை உண்மைகள் அடங்கிக் கிடத்தல் கூடும் என்பது விளங்கும்.

அவற்றைத் தேடுதற்கு இடமும் வாய்ப்பும் இன்று உள்ளன. இலங்கையின் 1961 ஆம் ஆண்டு 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் ஆகியவற்றையும் தன்னுள் அடக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. பரியாரி கூறும் பெயரையும் பயனையும் எழுதிக்கொள்ளல், அப்பொருளை இனங்காணல், ஆய்வுகூடத்திற் சோதித்தல், பயன் தீங்கு இரண்டையும் மறையாது வெளியிடல் என்னும் நான்கும் வரிசையாக நடைபெறின் இத்துறை வளரும். இவற்றுள் முதலிரண்டும் கல்லூரி மாணவர் கைக்கெட்டும் பணியே. குஞ்சு வெளியேறிய பழங்கூடு ஒன்றை எடுத்துப் பிளந்து, உள்ளே எஞ்சிய சிலந்தியின் காலையோ புழுவின் தோலையோ கண்டு குறித்துக்கொள்ளுதற்கு ஆய்வுகூடமும் வேண்டுவதில்லை.

வாவிக்கரை மக்களுக்கு இந்நெறி புதியதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்று அதனைக் கற்பித்தவர். பின்னர்த் துறவு பூண்டவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். பழந்தமிழ் இசையை ஆராய்ந்த அவர், போற்றுரையோடு அமையாது நரம்புகளின் ஒலியைக் கணக்கிட்டு 1947 ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்டார். மரபின்பால் அன்பும் அளந்தறியும் அறிவும் ஒருவரிடத்தே கூடி நிற்கலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. தாவோ ஹொங்ஜிங் பழம்பாடலைக் கற்றவரே. எனினும், மருந்து நூலுக்கு உரை காணப் புகுந்தவிடத்துக் குளவிக்கூட்டினுள் இருந்ததையே எழுதினார். நாட்டு வைத்தியத்தைப் பேண விழைவோர் கைக்கொள்ள வேண்டிய முறை அதுவேயாகும்.